ஆரியாவுக்கு முன் ஒரு சொல்

இருத்தலியல் உளச்சிகிச்சை என்றால் என்ன என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். கேட்ட கையோடு நோட்டுப் புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டார். நான் ஓர் இலக்கணம் சொல்வேன், எழுதிக்கொண்டு போய்ப் பரீட்சையில் கொட்டிவிடலாம் என்ற எண்ணம். அவர் ஆசையைக் கெடுப்பானேன்? எழுதிக்கொள்ளுங்கள். மனிதனுக்குச் சாவு உண்டு. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு, அதனாலேயே பொறுப்பும் உண்டு. எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் சில இடங்களில் அவன் தனியாகத்தான் நிற்கிறான். தான் எதற்காக வாழ்கிறோம் என்பதை வேறு யாரும் அவனுக்கு எழுதித் தர முடியாது. இந்த நான்கும் எல்லோரையும் உறுத்தும். அந்த உறுத்தலை நோய் என்று நினைத்துத் துடைத்துப் போடாமல், அதற்கு எதிரே உட்காருகிறவருக்குப் பக்கத்தில் நாமும் உட்காருவதுதான் இந்தச் சிகிச்சை. ஆயிற்றா? நோட்டை மூடி வையுங்கள். அதை நான் எப்படிக் கற்றேன் என்று இப்போது சொல்கிறேன்.

இந்தப் பெயரெல்லாம் எனக்குப் பின்னால் புத்தகம் வழியாக வந்தது. விஷயம் வந்து சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இலவச மருந்தகத்தில். இரண்டு அறைகள், ஒரு நர்ஸம்மா, ஒரு கம்பவுண்டர், நான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று வெளியே பலகை தொங்கியது. மனநோய்ப் பிரிவில் நான் ஓராண்டு வேலை பார்த்திருந்ததால், வேறு எங்கும் தீராத தலைவலி, தூக்கமின்மை, பேய் பிடித்தது எல்லாமே என் மேசைக்கு வந்துவிடும். எனக்கு அப்போது முப்பது வயது. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதை நம்புவீர்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கீரைத் தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். எதிலும் பிடிப்பு இல்லை, காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை, எதுக்கு இந்தப் பொழப்பு என்றாள். எனக்கு ஒரே குஷி. மூன்று வாரம் அவளோடு வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றிப் பேசினேன். அவளும் மரியாதைக்குத் தலையாட்டினாள். நான்காவது வாரம் நர்ஸம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளக் காயிதமா கீது, டாக்டரம்மா," என்றார். கொக்கிப்புழு. ரத்தம் முழுவதையும் அது குடித்துவிட்டிருந்தது. குடல்புழு மருந்தும் இரும்புச் சத்தும் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அவளுக்கு வாழ்க்கையின் அர்த்தம் தானாகவே திரும்பிவிட்டது. அன்று முதல், வெறுமை என்று யார் வந்தாலும் நான் முதலில் இமையைத்தான் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். பசி, ரத்தசோகை, ஜுரம், இல்லாத குரல் காதில் கேட்கிற நோய், இவற்றுக்கெல்லாம் அதனதன் வைத்தியம் முதலில். நம்முடைய பேச்சு அப்புறம்.

அவளிடம் அப்படிப் பேச வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்திய ஆண்டு வந்த மாசிலாமணியிடமிருந்து வந்தது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

மாசிலாமணி தண்டையார்பேட்டைக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. கப்பலின் மேல்தளத்தில் நின்று குரல் கொடுப்பது அவர் வேலை. கப்பலில் பெரிய சதுரத் திறப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சரக்கறை. பாரத்தைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்கு அந்த அறைக்குள் இருப்பது தெரியாது. உள்ளே நிற்பவனுக்கு மேலே தொங்கும் பாரம் எந்த நொடியில் இறங்கும் என்று தெரியாது. இருவருக்கும் கண் மாசிலாமணிதான். பாரம் தயாரானதும் அவர் கீழே குரல் கொடுத்து, "ஆச்சா?" என்று கேட்பார். எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள் என்றால் கீழேயிருந்து "ஆச்சு" என்று பதில் வரும். உடனே அவர் வின்ச்காரனைப் பார்த்து "ஆரியா" என்பார். இறக்கு என்று பொருள். அது என்ன பாஷை என்று என்னைக் கேட்காதீர்கள். கப்பல்காரர்கள் எந்தக் கரையிலிருந்தோ கொண்டுவந்து போட்ட சொல். துறைமுகத்தில் அது தமிழ்தான்.

அன்று பதனிட்ட தோல் கட்டுகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று பதில் சொல்கிற ஆள் காதர். இருவரும் பல வருடக் கூட்டாளிகள், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். மாசிலாமணி "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்று பதில் வந்தது. "ஆரியா" என்றார். பாரம் இறங்கியது. ஆனால் பதில் வந்தது பக்கத்துத் திறப்பிலிருந்து. அங்கே வேறொரு கோஷ்டி அதே நேரத்தில் அதே சொல்லைச் சொல்லி அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. காதர் கீழே குனிந்து, சரிந்த கட்டு ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது.

விசாரணை நடந்தது. வின்ச் சத்தத்தில் யாராக இருந்தாலும் ஒருவர் குரலை இன்னொருவர் குரலாகக் கேட்டிருப்பார்கள், இது விபத்து, எவர் மேலும் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள். அந்த முடிவைப் படித்துக் காட்டிய அன்று மாசிலாமணியின் பேச்சு நின்றது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. நாக்கு நன்றாக அசைந்தது. இருமினால் சத்தம் வரும். ஆனால் ஒரு சொல் வராது. அந்தக் காலத்து வழக்கப்படி எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் அவர் தொண்டையில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். "ஆ" என்று ஒரு தரம் கத்திவிட்டு மறுபடியும் ஊமையானார். குரல் கொடுக்கிற வேலைக்குக் குரல் இல்லாத ஆள் எதற்கு? ஒரு மாதத்துக்குள் பேசாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவருடைய மனைவி கன்னியம்மா எங்களிடம் தன் முதுகுவலிக்கு மருந்து வாங்க வருகிறவள். ஒரு நாள் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார வைத்தாள்.

"பலகைல பொம்பளைங்களுக்குன்னு போட்டுகீது, தெரியும். இது பேசறதில்ல, துன்றதில்ல. காலீல எழுந்தா நேரா கடக்கரைக்குப் போயி கல்லு மேல குந்திக்குது. எனக்குப் பயமாகீது, டாக்டரம்மா."

பயம் எதைப் பற்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

மூன்று வாரம் அவரைப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று நாள், மருந்து வாங்கும் கூட்டம் குறைந்த பிறகு. அந்த மூன்று வாரமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதல் சொன்னேன். "உங்க மேல தப்பு இல்ல, மாசிலாமணி. விசாரணையிலேயே சொல்லிட்டாங்க. அந்தச் சத்தத்துல யாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்." அழகாக, பொறுமையாக, விதவிதமாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு குழந்தை தன் பொய்யைத் தானே நம்புவதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு அது.

என் கண்ணைத் திறந்தவள் கன்னியம்மா. கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, அவரை வெளி பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. தொறமுகத்துல பெரிய ஆளுங்க உம்மேல தப்பு இல்லன்னாங்க. கோஷ்டில அல்லாரும் தப்பு இல்லன்னாங்க. நானும் சொன்னேன். நீங்களும் அதையே சொல்லிக்கினு கீறீங்க. நாம சொல்லச்சொல்ல அது வாய இறுக்கி மூடிக்கினே போவுது. அதுக்கு இன்னா தெரியும்னு ஒருத்தராவது கேட்டமா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. முதுகுவலிக்கு எண்ணெய் வாங்க வருகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்ற கோபம். ஆனால் அவள் சொன்னது சரி. எல்லோரும் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவருடைய அந்த ஒரு நொடியை, அதில் அவர் செய்ததை, யாரும் செய்யாத ஒன்றாக ஆக்கிக்கொண்டிருந்தோம். அப்படியானால் அங்கே நின்றவர் யார்? யாருமே இல்லையா? இல்லாதவன் எப்படிப் பேசுவான்?

அவரை உள்ளே கூப்பிட்டேன். பகல் பதினொன்றே முக்கால் இருக்கும். வெளியே கைவண்டிகளின் இரும்புச் சக்கரம் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது.

"மூணு வாரமா உங்களுக்குத் தப்பு இல்லன்னு சொன்னேன்," என்றேன். "அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நான் அங்க இல்ல. விசாரணை பண்ணினவங்களும் இல்ல. நீங்கதான் இருந்தீங்க. அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது."

பிறகு வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்கு இந்தத் தொழிலில் நான் சொல்லித்தரக்கூடிய கடினமான வேலை இதுதான். மருந்து எழுதுவது சுலபம், பேசுவது அதைவிடச் சுலபம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போனது. நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை உடைத்துவிடலாம் என்று என் நாக்கு துடித்தது. துறைமுகத்தில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தில் மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியும்," என்றார்.

குரல் கரகரவென்று, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வந்தது. எனக்கு எழுந்து கன்னியம்மாவைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை.

"அது காதர் கொரலு இல்ல. எனக்குத் தெரியும். எத்தினி வருசமா கேட்ட கொரலு. காதுல வுழுந்ததுமே இன்னாடா இது வேற மாதிரி கீதுன்னு தோணிச்சி. எட்டிப் பாத்திருக்கணும். ஒரு தபா எட்டிப் பாத்தா போதும். சங்கு ஊதப் போறான், இந்த ஒண்ண எறக்கிட்டு சாப்பிடப் போலாம்னு ஆரியா சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் என்னிடம் இருந்த எல்லா நல்ல வார்த்தைகளும் வரிசையாக எழுந்து நின்றன. ஒரு நொடிதானே, எல்லோருக்கும் நேர்வதுதானே, வேண்டுமென்றா செய்தீர்கள். ஒன்றையும் வெளியே விடவில்லை. ஏனென்றால் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னார். சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"கேட்டேன்," என்றேன். "அது அவர் குரல் இல்லன்னு தோணியும் பார்க்காம சொன்னீங்க. கேட்டேன்."

அவர் அழுதார். பெரிய உடம்பு, மேசை ஆடியது. எனக்குப் பயமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஒருவரைத் தாங்கிக்கொண்டிருந்த பொய்யை எடுத்துவிட்டோம், இனி அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? இங்கிருந்து எழுந்து நேரே கடலுக்குப் போனால்? இந்த மாதிரி நேரத்தில் சுற்றி வளைக்காதீர்கள். நேராகக் கேளுங்கள். நான் கேட்டேன்.

"கடல்ல எறங்கற எண்ணம் இருக்கா, மாசிலாமணி?"

"இருந்திச்சி," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "டெய்லி இருந்திச்சி. அல்லாரும் தப்பு இல்லன்னு சொல்றப்போ, நான் ஒருத்தன் மட்டும் இத்த வச்சிக்கினு எங்க போறது?"

"இப்போ?"

"இப்ப ரெண்டு பேருக்குத் தெரியும்."

கன்னியம்மாவை உள்ளே அழைத்து, அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவரைத் தனியாகக் கடற்கரைக்கு விடக் கூடாது, தினமும் காலையில் என்னிடம் அழைத்துவர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தத்துவம் இருக்கிற இடத்தில் காவலும் இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

மறுநாள் வந்து ஒரு கேள்வி கேட்டார். காதர் வீட்டில் போய் இதைச் சொல்லட்டுமா?

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். விசாரணையை மறுபடி கிளறுவார்கள், வேலை போகும், ஜெயிலுக்கே போக நேரலாம். அந்த வீட்டில் ரணம் ஆறவில்லை. போங்கள் என்று சொல்லவும் ஆசை இருந்தது, கேட்க நன்றாக இருக்குமே என்று. இரண்டுமே அவருடைய முடிவை நான் எடுத்துக்கொள்வதுதான்.

"அதை நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா போனா என்னென்ன ஆகலாம்னு பேசுவோம். யாருக்காகப் போறீங்கன்னும் யோசிங்க. உங்க பாரத்தை அவங்க தலையில இறக்கி வைக்கவா, அவங்களுக்கு அது தெரியணும்னா?"

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் வரவில்லை. கம்பவுண்டரை அனுப்பலாமா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பத்து மணிக்குக் கன்னியம்மாவோடு வந்தார். வண்ணாரப்பேட்டையில் காதர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார்கள்.

காதரின் மனைவி, கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் காக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்கு அந்தப்பக்கம் இருந்தாள். தகப்பனார் இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், அந்தக் குரல் காதருடையது இல்லை என்று தோன்றியதையும் சேர்த்து. அதற்குப் பெரியவர் சொன்னதைக் கன்னியம்மா அப்படியே எனக்குச் சொன்னாள்.

"வந்தவங்க அல்லாரும் அவன் நேரம் முடிஞ்சிச்சின்னு சொல்லிட்டுப் போனாங்க. அது நெசம். நீ எட்டிப் பாக்காததும் நெசம். ரெண்டையும் நான் வச்சிக்கினு கீறேன். நீ போ."

திரைக்குப் பின்னால் இருந்த பெண் அழுதாளாம். மன்னித்தேன் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. விசாரணைக்கும் அவர்கள் போகவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று மாசிலாமணியிடம் கேட்டேன்.

"பேஜாராத்தான் கீது," என்றார். "ஆனா நான்தான் கீறேன்."

இந்த ஒரு வாக்கியத்தை விட நல்ல விளக்கத்தை இந்தச் சிகிச்சைக்கு நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அவர் குணமாகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். குற்றவுணர்வில் இரண்டு வகை உண்டு. செய்யாத தப்புக்காக மனத்தை வாட்டுவது ஒன்று; அதைக் கரைக்க வேண்டும். செய்த தப்புக்காக வருவது இன்னொன்று. அதைக் கரைத்தால் ஆளையும் சேர்த்துக் கரைத்துவிடுவோம். எது எது என்று தெரிந்துகொள்ள, முதலில் கேட்க வேண்டும். நான் மூன்று வாரம் கேட்கவில்லை.

கெடு நாளன்று துறைமுகத்து டாக்டர் முன்னால் பெயரையும் ஊரையும் சத்தமாகச் சொன்னார். வேலை நிலைத்தது. வேறு இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே மேல்தளத்து வேலைக்குப் போனார். ஆனால் முதல் நாளே கோஷ்டியிடம் ஒன்று கேட்டார். எல்லாத் திறப்பிலும் ஒரே பதில் இருப்பதால்தான் குரல் மாறிக் கேட்கிறது. இனித் தன் திறப்பில் கீழேயிருந்து "ஆச்சு" என்று சொல்லக் கூடாது. "காதர்" என்று சொல்ல வேண்டும்.

கோஷ்டி முரண்டு பிடித்தது. "செத்தவன் பேர சொல்லிக்கினு பாரம் எறக்கறதா? வெளங்குமா?" என்றார்கள். வழக்கம்போல "ஆச்சு" என்று பதில் சொன்னார்கள். மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாரம் அந்தரத்தில் தொங்கியது. வின்ச்காரன் திட்டினான், மேஸ்திரி ஓடிவந்தார். அன்று காலை முழுதும் இந்தக் கூத்துதான். கடைசியில் கீழே இருந்தவன், சலித்துப்போய், "காதர், போதுமா?" என்று கத்தினான். மாசிலாமணி எட்டிப் பார்த்துவிட்டு "ஆரியா" என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு உவப்பாக இல்லை. தனக்குத் தானே தண்டனை போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும்விட்டேன்.

"தண்டன இல்ல, டாக்டரம்மா," என்றார். "ஒரு நாளைக்கு எம்பது தபா அவன் பேரு காதுல வுழுது. எம்பது தபா எட்டிப் பாக்கறேன். அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. கன்னியம்மா மட்டும் முதுகுவலிக்கு வந்து போனாள்.

ஐம்பதுகளின் கடைசியில், நான் அந்த மருந்தகத்தை விட்டுப் போகும் சமயம், ஓர் இளம் தகப்பன் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்தவன். என்ன வேலை என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"கப்பல்ல கீழ நிக்கற வேல, டாக்டரம்மா. மேலருந்து ஆச்சான்னு கேப்பாங்க. நாங்க காதர்னு சொல்லுவோம். அப்பாலதான் ஆரியா."

குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "காதர்னா யாருப்பா?"

அவன் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான், படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று.

"யாரும் இல்லம்மா. அது ஒரு பேச்சு. கீழ கீற ஆளு பத்தரமா கீறான்னு அர்த்தம்."

நான் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக, நன்றாக இருந்தது. சரியான அர்த்தம்தான் என்று சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்தேன்.